பண்ணையத்துப் பெரியவர்கள்: மாட்டோடும் குடும்பத்தோடும் வாழ்ந்தவர்களைப் பார்த்த அனுபவம்

முத்தூர்ப் பக்கம்:

நண்பன் ஒருவனுக்குக் காங்கேயம் கிடாரி வாங்க அலைந்தபோது பார்த்த ஒரு பெரியவர் மனதை விட்டு இறங்க மறுக்கிறார். அதனால்தான் எழுதுகிறேன். பழையகோட்டை ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் எதுவும் அமையவில்லை. பல் சரியாக இருந்தால் சுழி பிடிக்கவில்லை, சுழி பிடித்தால் விலை ஒட்டவில்லை. கடைசியில் தரகர், "ஒரு பண்ணையத்தைக் கலைக்கறாங்க, தோட்டத்துக்கே போயிடலாங்க" என்று கூட்டிப்போனார்.

இடத்தை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கிளுவை வேலி, உள்ளே வெள்வேல மரங்கள், காய்ந்து கிடக்கும் கொழுக்கட்டைப்புல், ஓரத்தில் மாடு அடைக்கும் தொண்டுப்பட்டி. உரியவர்கள் திருப்பூரில் குடியேறிவிட்டார்கள். கொறங்காடு என்கிற அந்த மேய்ச்சல் நிலத்தைச் சோலார்காரர்கள் கேட்டிருக்கிறார்கள். மாடுகளை ஒவ்வொன்றாகக் கொடுத்து முடிக்கும் நேரத்தில் நாங்கள் போனோம்.

மாட்டைப் பிடித்துக்கொண்டு வந்தவர் எழுபதைத் தாண்டியவர். சின்னப் பையனாக அந்தத் தோட்டத்துக்கு மாடு மேய்க்க வந்தவர், அங்கேயே கல்யாணம் ஆகி, பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்து, பேரன் பேத்தியும் பார்த்துவிட்டார். விலை முடிந்து பணம் கைமாறியது. மாட்டைக் கொடுத்தாலும் கயிற்றைக் கொடுக்க மாட்டார்கள் அல்லவா, அதனால் நண்பன் புதுக்கயிறு கொண்டுபோயிருந்தான். பெரியவர் பழைய தலைக்கயிற்றை அவிழ்த்துவிட்டுப் புதியதை மாட்டினார். மாட்டும் வரை கிடாரி அசையவே இல்லை. அவருடைய முழங்கையை நக்கிக்கொண்டே நின்றது.

அப்புறம் நண்பனைப் பார்த்துக் கேட்டார்: "ஏனுங் தம்பி, உங்க தோட்டத்துல சோளத்தட்டு இருக்குதுங்களா, வைக்கலுதானுங்களா?"

"வைக்கோல்தாங்க ஐயா. கூடத் தீவனமும் போடுவோம்."

"அவ வைக்கலு தின்னு பழகலீங்க. கொஞ்ச நாளைக்குத் தட்டை நறுக்கி அதோட கலந்து போடுங்க. தண்ணி காட்டறப்ப எடப்பக்கம் நில்லுங்க. வலப்பக்கம் நின்னா ஒதைப்பா."

சொல்லிவிட்டுப் போரிலிருந்து ஒரு கட்டுத் தட்டை உருவிக்கொண்டு வந்து வண்டியில் போட்டார். உரியவரின் மகன், "அது எதுக்குப்பா?" என்றான். பெரியவர் பதில் சொல்லவில்லை. இன்னொரு கட்டையும் கொண்டுவந்து போட்டார். தரகர் டீச் செலவுக்கு என்று நீட்டிய பணத்தை வாங்கி, "பேத்தி ஜாமெட்ரி பாக்ஸ் கேட்டுட்டே இருக்கறா" என்று மடியில் செருகிக்கொண்டார்.

அந்த இரண்டாவது கட்டுத்தான் என்னை விடமாட்டேன் என்கிறது. உங்களுக்கும் இப்படி யாரையாவது தெரிந்திருக்கும். எழுதுங்கள்.


சோத்துப்போசி:

அண்ணா, நீங்கள் எழுதியதில் ஒன்று விட்டுப்போயிற்று. அந்தப் பெரியவர் மாட்டை நினைத்து மட்டும் நின்றிருக்க மாட்டார். கடைசி மாடு வண்டி ஏறினால் அவருடைய வேலையும் அதோடு போயிற்று. இருந்த குடிசை யாருடைய நிலத்தில் இருந்தது என்று கேட்டீர்களா?

நான் இப்படி ஒருவருடைய மகள். மூலனூர்ப் பக்கம். எங்கப்பாவை வருசத்துக்கு ஆள் பேசி வைத்திருந்தார்கள். மாதா மாதம் தவசதானியம், பொங்கலுக்கு வேட்டி துண்டு, கையில் கொஞ்சம் பணம். அக்கா கல்யாணத்துக்கு வாங்கிய முன்பணம் கழிவதற்குள் அடுத்த அக்காவுக்குக் கல்யாணம் வந்துவிட்டது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976லேயே வந்தது என்பதை நான் பள்ளிக்கூடத்தில் படித்தபோது, அப்பா கணக்குத் தீராத ஆளாகத்தான் இருந்தார்.

அவரை நாங்கள் பகலில் பார்ப்பது போசியில் சோறு கொண்டுபோகும்போதுதான். கோழி கூப்பிடுவதற்கு முன்னால் போய்விடுவார். சாணி அள்ளி, கட்டுத்தரை கூட்டி, பால் பீய்ச்சிக் கொடுத்து, மாடுகளைக் கொறங்காட்டுக்குள் விட்டுக் கடவை அடைத்து, அப்புறம் வேலிக்கு முள் வெட்டப் போய்விடுவார். ராத்திரியும் பாதி நாள் பட்டியில்தான் படுக்கை. சினை மாடு இருந்தால் வீட்டுப் பக்கமே வர மாட்டார்.

மாட்டுக்குக் காய்ச்சல் என்று சந்தேகம் வந்தால் காதின் அடியில் கை வைத்துப் பார்ப்பார்கள், பார்த்திருப்பீர்கள். எங்கப்பா எங்களுக்கும் அப்படித்தான் பார்ப்பார். நெற்றியைத் தொட்டதே கிடையாது. ஒரு மழைக்காலத்தில் ஊரெல்லாம் காய்ச்சல். நடு ராத்திரி அவர் பட்டியிலிருந்து வந்தார். விளக்குப் போடவில்லை. வரிசையாகப் படுத்திருந்த எங்கள் நாலு பேர் காதையும் இருட்டிலேயே தடவிப் பார்த்தார். கையில் சாணி வாசமும் வேப்பெண்ணெய் வாசமும். தம்பி காதில் மட்டும் கை கொஞ்ச நேரம் நின்றது. அம்மாவை எழுப்பி, "இவனுக்குக் கொதிக்குது, கசாயம் வெச்சுக் குடு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். நான் தூங்குகிற மாதிரியே படுத்திருந்தேன். அவர் அப்படி வந்துபோவது எனக்குத் தெரியும் என்று கடைசி வரை அவரிடம் சொன்னதில்லை.

இப்போது நான் நர்ஸ். தெர்மாமீட்டர் கையில் இருந்தாலும் என் மகனுக்கு முதலில் காதைத்தான் தொடுகிறேன்.


கவலைக்கால ஆள்:

நல்ல பதிவு. ஆனால் எல்லாத் தோட்டத்தையும் ஒரே கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று தங்கையிடம் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் தாத்தா காலத்திலிருந்து இருந்த பெரியவரை வீட்டு ஆள் மாதிரிதான் வைத்திருந்தோம். அவருடைய பையனைத் தாராபுரத்தில் படிக்கவைத்தது எங்கள் தாத்தாதான்.

எனக்கு நினைவில் இருப்பது, எருது பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் கவலையை அவர் ஓட்டிய காட்சி. கரண்ட் மோட்டார் வந்த பிறகும் எங்கள் கிணற்றில் கொஞ்ச காலம் கவலை ஓடியது. எருதுகள் கிணற்றோரச் சரிவான வாரியில் இறங்கும்போது பெரியவர் வடக்கயிற்றின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்வார். அவர் பாரமும் சேர்ந்து இழுக்க, தண்ணீர் நிறைந்த சால் மேலே வரும். தண்ணீர் வாய்க்காலில் விழுந்ததும் குதித்து இறங்கி, எருதுகளைப் பின்னாலேயே நடத்திக்கொண்டு மேலே வருவார். சாட்டை வைத்திருந்தார், அடித்து நான் பார்த்ததில்லை. வால் பக்கம் விரலை வைத்தாலே எருதுக்குப் புரிந்துவிடும்.

ஒருநாள் வடம் அறுந்துவிட்டது. அவர் வாரியில் உருண்டு எருதுகளின் காலுக்குள் போய்விட்டார். நான் கத்தினேன். இடப்பக்கத்து மயிலை எருது தூக்கிய பின்னங்காலை அப்படியே வைத்துக்கொண்டு நின்றது. அவர் ஊர்ந்து வெளியே வந்த பிறகுதான் காலைக் கீழே வைத்தது. எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். அந்தத் தூக்கிய கால் இன்னும் கண்ணில் நிற்கிறது.


சோத்துப்போசி:

எருதைப் பற்றி எழுதியது நன்றாக இருக்கிறது. படிக்கும்போது உடம்பு நடுங்கியது. ஒன்றே ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். வீட்டு ஆள் மாதிரி என்கிறீர்கள். அவர் எங்கே உட்கார்ந்து சாப்பிட்டார், எதில் தண்ணீர் குடித்தார்?


கவலைக்கால ஆள்:

வாசலுக்கு வெளியே, வேப்பமரத்தடியில். தட்டு அவருடையது தனி, தண்ணீரைக் கையில் ஊற்றுவார்கள். எட்டு வயதுப் பையனான என்னை அவர் "வாங்க சாமி" என்பார். என் தாத்தா வயது அவருக்கு. அவரை வீட்டில் எல்லோரும் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். இதை மறைக்க நான் வரவில்லை. ஆனால் தாத்தா இறந்த அன்று மயானம் வரை வந்து, எல்லோரும் திரும்பிய பிறகும் அங்கேயே உட்கார்ந்திருந்தவர் அவர் ஒருவர்தான். இதுவும் நடந்தது, அதுவும் நடந்தது. இரண்டையும் எப்படிச் சேர்த்து வைப்பது என்று தெரியாமல்தான் எழுதுகிறேன்.


ஓய்வுபெற்ற ஆய்வாளர்:

கால்நடைத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். காங்கேயம், வெள்ளகோவில், சென்னிமலை வட்டாரம் முழுக்கச் சுற்றியிருக்கிறேன். இந்த மாதிரிப் பெரியவர்கள் இல்லாவிட்டால் எங்களால் பாதி வேலையும் செய்திருக்க முடியாது. எந்த மாட்டுக்கு எப்போது சினை பிடித்தது, எது முந்தைய ஈற்றில் நஞ்சுக்கொடி போட நேரமாக்கியது, எல்லாம் அவர்கள் வாயில்தான் இருக்கும். ஏட்டில் இருக்காது.

ஒருவரைச் சொல்கிறேன். பேரனுக்குக் காதுகுத்து. புது வேட்டியோடு மடியில் பிள்ளையை வைத்து உட்கார்ந்திருந்தவருக்கு, அறுத்த தாளிலிருந்து துளிர்த்த மறுதாம்புச் சோளத்துக்குள் மாடுகள் புகுந்துவிட்டதாகத் தகவல் வந்திருக்கிறது. பிள்ளையை மருமகளிடம் கொடுத்துவிட்டு ஓடியிருக்கிறார். நான் போய்ச் சேரும்போது வேட்டியெல்லாம் நுரை. ஒரு மாட்டின் தலையைத் தன் தொடை மேல் தூக்கி வைத்துக்கொண்டு, ஊசி போடும் வரை மூக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அந்த மாடு பிழைத்தது. பக்கத்தில் கிடந்த இன்னொன்று அதற்குள் போய்விட்டது. அவர் மருமகள் பந்தியை விட்டுச் சோறு எடுத்துக்கொண்டு காட்டுக்கே வந்துவிட்டார். "காது குத்தறப்ப அழுதானா?" என்று பெரியவர் அவரிடம் கேட்டார்.

இதைப் படிக்கிறவர்களில் மாடு வைத்திருப்பவர்கள் இருப்பீர்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். சோளப்பயிர் இளசாக இருக்கும்போதும், மழையில்லாமல் வாடிக் குறுகி நிற்கும்போதும், அறுத்த தாளிலிருந்து புதுத்துளிர் வரும்போதும் அதில் நஞ்சு கூடுதலாக இருக்கும். சயனைடு வகை. வறட்சி முடிந்து முதல் மழை பெய்தவுடன் பச்சையைப் பார்த்து மாட்டை உள்ளே விடுகிறார்களே, அந்த நேரம்தான் மிகவும் ஆபத்து. மாடு தள்ளாடும், வாய் திறந்து மூச்சு வாங்கும், நுரை தள்ளும், ஈறு நல்ல சிவப்பாகத் தெரியும், விழுந்துவிடும். சில நிமிடங்களில்கூட முடிந்துவிடலாம். நாட்டு வைத்தியம் தேடிக்கொண்டு நிற்க நேரமில்லை. உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள், நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962 என்ற எண் இருக்கிறது. சோடியம் தயோசல்பேட் ஊசி நேரத்துக்குப் போட்டால் பிழைக்கும். பூப்பிடித்த பிறகு அறுத்து, நன்றாகக் காயவைத்த தட்டில் இந்தப் பயம் குறைவு. வெறும் வயிற்றோடு எந்த மாட்டையும் சோளக்காட்டு ஓரமாக ஓட்டிப் போகாதீர்கள். பசித்த மாடு கயிற்றுக்கு அடங்காது.

இன்னொன்று. இந்தப் பெரியவர்களுக்கு வயதானபின் கையில் ஒன்றும் இருப்பதில்லை. அறுபது வயதைத் தாண்டிய, ஆதரவற்றவர்களுக்கு முதியோர் உதவித்தொகை உண்டு. 2023இல் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாய் ஆக்கினார்கள். நீங்கள்தான் கூட்டிப்போய் இ-சேவை மையத்தில் விண்ணப்பம் போட்டுத்தர வேண்டும். ஆதார் அட்டையில் வயது தப்பாக இருக்கும், பெரும்பாலும் குறைத்துப் போட்டிருப்பார்கள். முதலில் அதைத் திருத்துங்கள். உழவர் பாதுகாப்புத் திட்ட அட்டை வீட்டில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பலர் வாங்கி அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டு மறந்துபோயிருப்பார்கள். கிராம நிர்வாக அலுவலரைப் பார்க்கப் போகும்போது பெரியவரையும் உடன் அழைத்துப் போங்கள். அவர்களை நேரில் பார்த்தால் வேலை சீக்கிரம் நடக்கிறது, இது என் அனுபவம்.


மயிலைக்காளை:

ஆய்வாளர் ஐயாவுக்கு வணக்கம். மருத்துவம் சொன்னதற்கு நன்றி. ஆனால் இந்தப் பெரியவர்களும் இந்த மாடுகளும் ஒன்றாகக் காணாமல் போனதற்கு உங்கள் துறைக்கும் பங்கு இருக்கிறது. வீடு வீடாகச் சீமை மாட்டுச் சினை ஊசியைப் போட்டது யார்? ஜெர்சி வந்த பிறகு மாடு கட்டுத்தரையை விட்டு வெளியே வருவதில்லை. மேய்க்க ஆள் எதற்கு? 2017இல் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் நின்ற பிறகுதான் ஊருக்கே நாட்டு மாடு நினைவு வந்தது. இனவிருத்திக்குப் பூச்சிக்காளை வைத்திருந்த எங்கள் மாமனுக்கு அதற்கு முன்னால் பொண்ணு கொடுக்கவே யோசித்தார்கள்.


ஓய்வுபெற்ற ஆய்வாளர்:

தம்பி, கோபம் நியாயம்தான். ஆனால் காங்கேயம் பசு இரண்டு மூன்று லிட்டருக்கு மேல் கறக்காது. அது உழவுக்கும் பாரத்துக்கும் வளர்த்த இனம். டிராக்டரும் மோட்டாரும் வந்தபோதே அதன் வேலை பாதி போயிற்று. மூன்று பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு கூலிக்குப் போன ஒரு அம்மா, கலப்பின மாடு ஒன்றைக் கட்டிச் சொசைட்டிக்குப் பால் ஊற்றிப் பிள்ளைகளைப் படிக்கவைத்ததையும் நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவரிடம் போய் நாட்டு மாடு வளர் என்று நான் எப்படிச் சொல்வேன்?


காற்றாலைக்காரன்:

தாராபுரம்தான் சொந்த ஊர். அங்கே காற்றாலையில் வேலை பழகினேன், இப்போது டெக்சாஸ் மாநிலத்தின் வடக்குக் கோடியில் அதே வேலை. எங்கள் காற்றாலைகள் நிற்பதெல்லாம் மாட்டுப் பண்ணை நிலத்தில்தான். ஒரு பண்ணையே ஆயிரக்கணக்கான ஏக்கர் இருக்கும். கிளுவை வேலிக்குப் பதிலாக முள்கம்பி. மற்றபடி புல்லும் காற்றும் வெயிலும் நம் கொறங்காட்டுக்குப் பழகியவனுக்குப் புதிதாகத் தெரியாது.

அங்கே ஒரு பெரியவர். பதினேழு வயதில் கூலிக்குச் சேர்ந்தவர், எழுபதை நெருங்குகிறார். பண்ணைக்காரர்கள் கொடுத்த வீடு, வருசத்துக்கு இறைச்சிக்கு ஒரு மாடு, மாதச் சம்பளம். மனைவி பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறார். மகள் கணவனை இழந்து பையனோடு வந்துவிட்டதால் பேரனும் அவர் பொறுப்பு. தங்கையின் பதிவைப் படித்தபோது அவர் முகம்தான் வந்தது. அங்கேயும் வீடு பண்ணைக்காரருடையது. வேலை போனால் வீடும் போகும்.

என்னைப் பார்த்த முதல் நாளே, இந்தியாவா என்று கேட்டுவிட்டுத் திமில் வைத்த ஒரு காளையைக் காட்டினார். அங்கே பிராமன் என்று ஒரு இனம் உண்டு. ஓங்கோல், கிர், காங்க்ரேஜ் போன்ற நம் நாட்டு மாடுகளை வைத்து அங்கே உருவாக்கியது. வெயிலையும் உண்ணியையும் தாங்குகிறது என்று அந்த மாநிலமே கொண்டாடுகிறது. நான் கைபேசியில் காங்கேயம் காளையின் படத்தைக் காட்டினேன். கொம்பைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் படத்தில் மூக்கணாங்கயிற்றின் மேல் விரலை வைத்து, "தினமும் கையால் பிடிக்கிறீர்களா?" என்று கேட்டார். அவர்களுக்கு அது பழக்கமில்லை. குதிரை மேலிருந்து ஓட்டுவார்கள், சுருக்குக் கயிறு வீசுவார்கள்.

2024 பிப்ரவரி கடைசியில் அங்கே பெரிய புல்தீ பரவியது. ஸ்மோக்ஹவுஸ் கிரீக் தீ என்பார்கள். பத்து லட்சம் ஏக்கருக்கு மேல் எரிந்தது, அந்த மாநிலத்தில் அதுவரை அப்படி ஒரு தீ வந்ததில்லை. ஆயிரக்கணக்கான மாடுகள் செத்துப்போயின. தீ வந்த அன்று அவர் கம்பி வெட்டும் குறடோடு வண்டியில் போய் வேலியை அங்கங்கே அறுத்துவிட்டிருக்கிறார். மாடுகள் பழக்கமான கதவுப் பக்கமே போய் முட்டிக்கொண்டு நின்றனவாம்.

தீ அடங்கியபின் அங்கே போனேன். தரையெல்லாம் கறுப்பு. நின்றிருந்த மாடுகளைப் பார்த்து, "இவ்வளவாவது பிழைத்ததே" என்று சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் ஒரு பசுவின் பக்கத்தில் மண்டியிட்டு மடியைத் தொட்டுக் காட்டினார். காம்பு கருகிவிட்டால் கன்றை ஊட்டவிடாது. அப்புறம் குளம்புக்கு மேலே தோல் சேரும் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார். சூடு பட்ட குளம்பு சில நாள் கழித்துக் கழன்றுவிடுமாம். பார்வைக்கு நன்றாக நிற்கிற மாடுதான். ஆனால் அதை அந்த வேதனையில் விடக்கூடாது.

பேரன் வண்டிப் பக்கத்தில் நின்றிருந்தான். பத்து வயது இருக்கலாம். பெரியவர் அவனைத் தூக்கி உள்ளே உட்காரவைத்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, பாட்டை எவ்வளவு சத்தமாக வைக்க முடியுமோ அவ்வளவு சத்தமாக வைத்தார். கதவைச் சாத்தினார். பின்னால் இருந்த துப்பாக்கியை எடுத்தார். என்னையும் வண்டிக்குள் போகச் சொல்லிக் கையைக் காட்டினார். பையன் பாட்டோடு சேர்ந்து பாடிக்கொண்டே இருந்தான். என் பக்கம் திரும்பவே இல்லை. வெளியே என்ன நடக்கிறது என்று அவனுக்கு நன்றாகவே தெரியும். தாத்தாவுக்காகத்தான் பாடினான் என்று நினைக்கிறேன்.

மற்ற மாநிலங்களிலிருந்து விவசாயிகள் லாரி லாரியாக வைக்கோல் உருளை அனுப்பினார்கள். அதை இறக்க நானும் சில நாள் போனேன். அந்தப் பெரியவர் ஒவ்வொரு லாரிக்காரரின் கையையும் பிடித்துப் பெயர் கேட்டு, சட்டைப் பையில் இருந்த சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார். மாடு கணக்கு எழுதுகிற நோட்டு அது. செத்த மாட்டின் எண்கள் இருந்த பக்கத்துக்கு அடுத்த பக்கம்.


பில்லூட்டுப் பொண்ணு:

டெக்சாஸ் கதையைப் படித்துவிட்டுக் கண் கலங்கிவிட்டது. என்னுடையது சின்ன விஷயம். எங்கள் அப்பச்சி தோட்டத்துப் பெரியவர், மாடு கன்று போட்டால் இளங்கொடியை, அதாவது நஞ்சுக்கொடியை, சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடப் போவார். நாய் வாயில் படக்கூடாது, ஆல் மாதிரிப் பால் வைக்கிற மரத்தில் கட்டினால் மாட்டுக்கும் பால் ஊறும் என்பார்கள். ஒருமுறை நானும் கூடவே போனேன். எங்களிடம் பேசாதவர், அன்றைக்கு வழியெல்லாம் தன் சம்சாரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். பிரசவத்தில் கஷ்டப்பட்டு இறந்துபோயிருக்கிறார். "மாட்டுக்குக் கன்னு திரும்பிக் கெடந்தா நான் கைய உட்டுத் திருப்பிப்போடுவேன் அம்மிணி. அவளுக்கு என்னால ஒண்ணும் பண்ண முடியலை" என்றார். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. என்ன சொல்வது என்று தெரியாமல் சாக்கின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவர் வேறு கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. இரண்டு பையன்களையும் பட்டியிலேயே தூளி கட்டி வளர்த்தார் என்று பிற்பாடு அம்மா சொன்னார்.


முத்தூர்ப் பக்கம்:

எல்லோருக்கும் நன்றி. தங்கை கேட்ட கேள்வி உறுத்திக்கொண்டே இருந்ததால் தரகரைக் கூப்பிட்டு விசாரித்தேன். குடிசை தோட்டத்தை ஒட்டிய புறம்போக்கு ஓரத்தில்தான் இருந்ததாம், சோலார் வேலி போட்டபோது காலி செய்துவிட்டார்கள். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறார், வந்துவிடு என்று கூப்பிட்டிருக்கிறார். பெரியவர் போய்ப் பார்த்துவிட்டு, ஒற்றை அறையில் எல்லோருக்கும் தொந்தரவு என்று திரும்பிவிட்டாராம். இப்போது பக்கத்து ஊரில் மகள் வீட்டில் இருக்கிறார். வேறொரு தோட்டத்துக்காரரிடம் வெள்ளாடு வாரத்துக்கு, அதாவது குட்டியில் பங்கு என்ற கணக்கில், வாங்கி வளர்க்கிறார். முதியோர் உதவித்தொகைக்கு இன்னும் எழுதிக்கொடுக்கவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போகும்போது அவரைப் பார்த்து ஆதார் அட்டையை வாங்கிப் பார்க்கிறேன். ஆய்வாளர் ஐயா, வயதைத் திருத்த என்ன சான்று கேட்பார்கள் என்று சொன்னால் உதவியாக இருக்கும். அவர் பள்ளிக்கூடம் போனவர் இல்லை.

கிடாரி நன்றாக இருக்கிறது. நண்பன் தட்டு வாங்கி நறுக்கிக் கலந்துதான் போடுகிறான். இடப்பக்கம்தான் நிற்கிறான்.


சோத்துப்போசி:

போகிறீர்கள் என்றதும் சந்தோஷமாக இருக்கிறது அண்ணா. இன்னொன்றும் அவரிடம் கேளுங்கள். ஆட்டை வாரத்துக்கு வாங்கும்போது குட்டிக் கணக்கை எப்படிப் பேசியிருக்கிறார்? குட்டியில் ஆளுக்குப் பாதி, தாயாடு உரியவருக்கு என்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். ஒற்றைக் குட்டி போட்டால் யாருக்கு, குட்டி செத்துப்போனால் யார் தலையில் என்பதில்தான் பிற்பாடு சண்டை வரும். எங்கப்பா ஒரு மழைக்காலத்தில் செத்த குட்டிகளுக்கெல்லாம் தன் பங்கிலிருந்து ஈடு கொடுத்தார். முதல் ஈற்றுக்கு முன்னாலேயே இரண்டு பேர் முன்னிலையில் பேசிவைக்கச் சொல்லுங்கள். அவராகக் கேட்க மாட்டார். நீங்கள் கூடப் போய் நின்றால் கேட்பார்.

பேத்தி எந்த வகுப்பு என்றும் கேட்டு எனக்கு எழுதுங்கள். என் மகனுடைய புத்தகங்கள் இருக்கின்றன.